முகப்புக் காட்சியும் திருவொற்றியூர்க் கல்லெழுத்தும்

வீடியோ கேம் என்றவுடன் இலக்கிய அன்பர்கள் பலரும் முகம் சுளிப்பதை நாம் அறிவோம். பிள்ளைகளின் கண்ணையும் காலத்தையும் கெடுக்கும் பொருள் என்பதற்கு மேல் அதைப்பற்றி நம் இதழ்களில் எழுதப்பட்டது மிகக் குறைவு. ஆயினும் அவ்வாட்டங்களுக்குள் ஒரு பகுதி முழுக்க முழுக்க நம் துறையைச் சேர்ந்தது. ஆட்டம் தொடங்குமுன் திரையில் ஓடும் முகப்புக் காட்சிதான் அது. இடம் எது, காலம் எது, ஆடப்போகிறவர் யார், அவர் எதன்பொருட்டு முதல் அடியை எடுத்து வைக்க வேண்டும் என்பவற்றை இரண்டு மூன்று நிமிடங்களில் சொல்லிவிட்டு அது விலகிக்கொள்ள வேண்டும். நூலுக்குப் பாயிரம் எழுதுவது போன்ற வேலை இது. பாயிரம் எப்படி இருக்க வேண்டும் என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இலக்கணம் வகுத்துக்கொண்ட மொழி நம்முடையது.

இவ்வெண்ணத்தை நம்முள் விதைத்தவர்கள் மாணவர்கள். இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையிலான கடற்கரையைக் களமாக வைத்து ஓர் ஆட்டம் அமைக்க விரும்பிய சிலர், அதன் முகப்புக் காட்சியை எழுதிவந்து காட்டினர். இரவு, மழை, துறைமுகத்தில் அடுக்கி வைத்த கன்டெய்னர்கள், அவற்றின் இடையே ஓடும் ஒருவன், துரத்தும் நால்வர், ஒரு கத்தி. எழுத்து விறுவிறுப்பாகவே இருந்தது. அக்குழுவில் எண்ணூர்க் குப்பமொன்றிலிருந்து வந்து படிக்கும் மாணவி மட்டும், "எங்க ஊர்க் கதை மட்டும் ஏன் எப்பவும் கத்தியிலயே ஆரம்பிக்குது?" என்று கேட்டார். அக்கேள்வியின் பின்னே சென்றபோது நாம் படித்தவற்றை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கையைக் கட்டிப்போடும் காட்சி

முகப்புக் காட்சியின் வரலாறு நீண்டதன்று. 1980இல் ஜப்பானில் வெளிவந்த பேக்-மேன் ஆட்டத்தில், சில கட்டங்களைக் கடந்தபின் சிறு வேடிக்கைக் காட்சிகள் ஓடின. 1981இல் வந்த டாங்கி காங் ஆட்டம் தொடங்குமுன், ஒரு பெருங்குரங்கு பெண்ணொருத்தியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறும். அது குதிக்கும் அதிர்ச்சியில் இரும்புத் தளங்கள் கோணலாகச் சாயும். வசனம் ஒன்றும் இல்லை. ஆயினும் யாரை மீட்க வேண்டும், வழி ஏன் இப்படிச் சாய்ந்து கிடக்கிறது என்னும் இரண்டும் விளங்கிவிடுகின்றன. 1987இல் மேனியாக் மேன்ஷன் என்னும் ஆட்டத்தை உருவாக்கிய ரான் கில்பர்ட், இத்தகைய காட்சிகளுக்குக் 'கட் சீன்' என்று பெயரிட்டார். 1988இல் வெளிவந்த நிஞ்சா கெய்டன், நிலவொளியில் இரு வாள்வீரர்கள் பாய்ந்து மோதுவதோடு தொடங்கியது. ஒருவர் வீழ்கிறார், அவர் விட்டுச்சென்ற கடிதத்தை மகன் படிக்கிறான், ஆட்டம் அவனிடமிருந்து தொடங்குகிறது.

இக்காட்சிகளுக்கு ஒரு பிறவிக் குறையும் உண்டு. ஆட வந்தவரின் விரல் பொத்தானின் மேல் இருக்கிறது. அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. பந்தியில் உட்காரவைத்து, இலை போட்டு, பரிமாறாமல் உரையாற்றுவது போன்ற நிலை அது. எனவேதான் பலரும் முகப்புக் காட்சியைத் தாண்டிச் செல்லும் பொத்தானைத் தேடுகிறார்கள். 1998இல் வந்த ஹாஃப்-லைஃப் இதற்கு ஒரு மாற்று வழி கண்டது. அதில் ஆடுபவர் ஓர் இரயில் பெட்டியில் ஏறி, பூமிக்கடியிலுள்ள ஆய்வுக்கூடத்துக்குள் செல்கிறார். பெட்டிக்குள் நடக்கலாம், விரும்பிய பக்கம் திரும்பிப் பார்க்கலாம். பயணத்தை மட்டும் நிறுத்த முடியாது. கண்ணுக்கு விடுதலை, காலுக்குக் கட்டு.

நம்மவர் முயற்சிகளும் இல்லாமல் இல்லை. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ராஜி, தன் கதைக் காட்சிகளை நிழற்பாவைக் கூத்தின் பாணியில் அமைத்தது. கனடாவின் டொராண்டோ நகரிலிருந்து இயங்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா, 1980களில் அங்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அது நம்மை நேரே அடுக்களையில் கொண்டு நிறுத்துகிறது; கணவனுக்கு இட்லி ஊற்றிக் கொடுக்க வேண்டும், அம்மா தந்த சமையல் குறிப்பேடு சிதைந்திருக்கிறது. அவ்வளவே தொடக்கம். புலம்பெயர்வைப் பற்றி ஒரு சொற்பொழிவும் இல்லை. ஆயினும் அழிந்துபோன எழுத்தை நினைவிலிருந்து மீட்கும் வேலை நம் கைக்கு வந்துவிடுகிறது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதை வெண்பாவுக்கு வழங்கியது.

பாயிரமும் கட்டியங்காரனும்

நன்னூல் சிறப்புப் பாயிரத்திடம் எட்டுச் செய்திகளைக் கேட்கிறது. செய்தவர் யார், எவ்வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, நூலின் பெயர் யாது, எவ்வாறு யாக்கப்பட்டது, எதைப்பற்றிப் பேசுவது, யார் கேட்பதற்கு உரியவர், கேட்டால் என்ன பயன் என்பன அவை. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வதும் உண்டு. இப்பட்டியலை ஓர் ஆட்டக்காரரின் கண்ணோடு பார்த்தால் மூன்று கேள்விகள் தனித்து நிற்கின்றன: எல்லை எது, கேட்போர் யார், காரணம் என்ன.

சிலப்பதிகாரத்தின் பதிகத்தை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருந்தும். மலைக்குறவர்கள் வந்து, வேங்கை மரத்தடியில் மார்பிழந்து நின்ற பெண்ணொருத்தி தம் கண்முன்னே விண்ணேறியதைச் சொல்கிறார்கள். அதைக் கேட்டிருந்த சாத்தனார், அவள் யார் என்பதையும் மதுரையில் நடந்ததையும் எடுத்துரைக்கிறார். கதை முழுவதும் அப்போதே வெளியாகிவிடுகிறது. கோவலன் இறப்பான் என்பதும், மதுரை எரியும் என்பதும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. என்ன நடந்தது என்பதை மறைத்துவைத்துச் சுவை கூட்டும் வழியை அப்பதிகம் நாடவில்லை. நடந்ததைக் கேட்ட ஒருவர் அதை ஏன் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார் என்பதையே அது சொல்கிறது. இளங்கோவடிகள் அந்நிகழ்ச்சிகள் எவற்றையும் கண்ணால் கண்டவராகப் பதிகத்தில் வரவில்லை; கேட்டவராகவே வருகிறார்.

தெருக்கூத்தில் இதே வேலையைக் கட்டியங்காரன் செய்கிறான். இருவர் பிடித்த திரைக்குப் பின்னே வேடக்காரர் பாடிக்கொண்டு நிற்க, அவர் யார், எந்த நாட்டார், எதற்கு வந்தார் என்று கேள்வி கேட்டு ஊராருக்கு அறிமுகப்படுத்துகிறான். அரசனோடு வழக்காடுகிறான், உள்ளூர்ப் பேச்சில் கேலி செய்கிறான். அவன் அரசவையைச் சேர்ந்தவனாக நின்றாலும் பேச்சு ஊராரின் பேச்சு. எனவே துரியோதனனின் சபை அந்த ஊர்த் தெருவுக்கே வந்து சேர்ந்துவிடுகிறது.

வடசென்னையின் சில தொடக்கங்கள்

இவ்வளவையும் மனத்தில் கொண்டு, வடசென்னைக்கு எத்தகைய முகப்புகள் இதுவரை எழுதப்பட்டுள்ளன என்று பார்ப்போம்.

திரைப்படத்தில் இரண்டு தொடக்கங்கள் நம் நினைவில் நிற்பவை. பா. இரஞ்சித்தின் மெட்ராஸ் (2014), வியாசர்பாடியின் ஒரு சுவரைச் சுற்றிய பகையின் முன்கதையைச் சொல்லித் தொடங்குகிறது. வெற்றிமாறனின் வட சென்னை (2018), ஒரு கொலை முடிந்த கையோடு, இரத்தம் படிந்த ஆயுதங்களை வைத்துவிட்டுப் பேசும் மனிதர்களோடு தொடங்குகிறது. கொல்லப்பட்டவர் யார், அவர் கரையோர மக்களின் நிலத்துக்காக ஏன் நின்றார் என்பது பின்னரே விளங்கும். இரண்டும் தேர்ந்த தொடக்கங்களே. அவற்றைப் பார்த்து எழுதப்படும் படிகளில்தான் நிலம் மறைந்து கத்தி மட்டும் மிஞ்சுகிறது. மாணவியின் கேள்வியும் அந்தப் படிகளை நோக்கியதுதான்.

வரலாற்றிலிருந்து எடுப்பதாயின், 1856 ஜூலை 1 உடனே நினைவுக்கு வரும். அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடத் தொடங்கியது. அந்நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. தூண்கள், புகை, கொடிகள், ஆளுநர் ஹாரிஸ் பிரபு என்று காட்சிக்குக் குறைவே இராது. ஆனால் அது கும்பெனியாரின் மெய்க்கீர்த்தியாகவே அமையும். தண்டவாளத்துக்கு மண் சுமந்தவர் அதில் ஓரத்தில் நிற்பவராகவே இருப்பார்.

அடுத்தது எம்டன். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டது. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. தொடர்ந்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினர். 'அவன் பெரிய எம்டன்' என்னும் வழக்கு தமிழில் நிலைத்தது. திரைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைப்பது அரிது. இருள், கடல், திடீரென்று தீ. ஆயினும் முகப்பாக வைத்துப் பார்க்கும்போது ஒரு குறை தெரிகிறது. நெருப்பைப் பார்த்து வியந்த பின் ஆடுபவர் என்ன செய்ய வேண்டும்? கப்பல் போய்விட்டது. கரையில் நிற்பவர் வேடிக்கை பார்த்தவர் மட்டுமே. அவருக்குக் கடமை எதுவும் பிறக்கவில்லை.

காட்சி பெரிதாக இருப்பதால் மட்டும் முகப்பு அமைந்துவிடுவதில்லை என்பது இங்கே தெளிவாகிறது. பார்த்தவரின் தோளில் அது எதையாவது ஏற்றிவைக்க வேண்டும். அப்படியொரு தொடக்கம் இதே கடற்கரையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லில் இருக்கிறது.

வல்லபன் என்னும் சதுரானனர்

திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலில் பல்லவர் காலம் முதல் விசயநகரக் காலம் வரை நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின், அதாவது தமிழ்க் கல்வெட்டுகள் கன்னரதேவன் என்று குறிக்கும் வேந்தனின், 20ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; ஏறத்தாழ கி.பி. 959. இதன் வடமொழிச் செய்யுட்களை அறிஞர் வே. இராகவன் எபிகிராஃபியா இண்டிகாவில் பதிப்பித்தார்.

கல்வெட்டு சொல்லும் செய்தி இது. கேரள நாட்டில் வல்லபன் என்னும் பெயருடன் பிறந்து, கல்வி பல கற்ற ஒருவர் சோழநாடு வந்து, முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தனிடம் சேர்ந்து அவனுக்கு நெருங்கிய துணையாக விளங்கினார். பின்னர் இராசாதித்தன் போரில் இறந்தபோது அவர் அவனுடன் இறக்கவில்லை. தலைவனோடு உயிர்விடாமல் போனது தம் பிறப்புக்கும் குலத்துக்கும் தந்தைக்கும் தலைவனுக்கும் தகாது என்று எண்ணி மனம் வெதும்பினார். கங்கையில் நீராடினார். திருவொற்றியூருக்கு வந்து நிரஞ்சன குருவிடம் நோன்பு ஏற்று, சதுரானனர் என்ற பெயர் பெற்று, மடத்தின் தலைவரானார். இத்தனையும் சொன்ன பிறகே கல்வெட்டு தன் காரியத்துக்கு வருகிறது: கோயில் வழிபாட்டுக்காக அவர் பொன் கொடுத்தார், நரசிங்கமங்கலத்துச் சபையார் அப்பொன்னை ஏற்று, அதன் வட்டியைக் கொண்டு வழிபாடு நடத்த ஒப்பினர்.

போர் எது என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். கி.பி. 949இல் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் நடந்தது அது. இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். சோழர் படை சிதறியது. தொண்டை மண்டலம் இராட்டிரகூடர் வசமாயிற்று. அவனைக் கொன்ற படையின் வேந்தன் இதே கன்னரதேவன்.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. தம் தலைவன் இறந்தபோது உடன் இறவாத துயரைக் கல்லில் வெட்டிவைத்த மனிதர், அக்கல்லுக்கு ஆண்டு குறிக்கும்போது தலைவனைக் கொன்றவனின் ஆட்சியாண்டையே குறிக்க வேண்டியிருந்தது. நாடு அவனுடையது, நாட்காட்டியும் அவனுடையது. துயரம் மட்டுமே இவருடையது. அதை மறைக்காமலும் ஆள்பவனைப் பழிக்காமலும், கணக்கு வழக்கு எழுத வேண்டிய கல்லின் முகப்பில் வைத்துவிட்டார்.

புகழில் தொடங்குவதும் கடனில் தொடங்குவதும்

கல்வெட்டுக்கு முகப்பு எழுதும் வழக்கம் தமிழகத்தில் பிற்காலத்தில் மெய்க்கீர்த்தியாகப் பெரிதும் வளர்ந்தது. முதலாம் இராசராசன் காலத்தில் அது நிலைபெற்றது. மன்னனின் வெற்றிகள் முதலில் வரும். யார் எதைக் கொடுத்தார் என்பது பிறகு வரும். வெற்றி கூடக்கூட மெய்க்கீர்த்தியும் நீளும். இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் கங்கையும் கடாரமும் ஏறிய வரிசையைக் கொண்டு ஆய்வாளர்கள் காலத்தையே கணிக்கிறார்கள். எங்கோ ஓர் ஊரில் நந்தா விளக்கொன்றுக்காகத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகள் விடும் ஒருவரின் செய்தியைப் படிக்கவும், முதலில் கடல் கடந்த போர்களை எல்லாம் கடந்தாக வேண்டும். தாண்டிச் செல்லும் பொத்தான் கல்வெட்டில் கிடையாது.

இன்றைய பெரிய நிறுவனங்களின் முகப்புக் காட்சிகளில் பெரும்பாலானவை மெய்க்கீர்த்தி வகையைச் சேர்ந்தவை. பேரரசுகள், படைகள், ஆயிரமாண்டுப் பகைகள் என்று முழங்கிவிட்டு, கடைசியில் ஆடுபவரை ஒரு மூலையில் நிறுத்தி எலி பிடிக்கச் சொல்லும். முழக்கத்துக்கும் செய்யப்போகும் வேலைக்கும் தொடர்பு தெரிவதில்லை. சதுரானனரின் கல்லெழுத்தில் அத்தொடர்பு இருக்கிறது. அவர் யார் என்பதைச் சொல்லும் செய்யுட்களை நீக்கிவிட்டால் அவர் பொன் கொடுத்த செயல் வெறும் வரவு செலவாகிவிடும். செய்யுட்களோடு சேர்த்துப் படித்தால், உயிரால் செலுத்த முடியாமற்போன ஒன்றை எஞ்சிய வாழ்நாளால் செலுத்த முயன்றவரின் செயல் ஆகிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சதுரானன பண்டிதர் என்ற பெயர் அவரோடு முடியவில்லை. மடத்தின் தலைவர்கள் வழிவழியாக அப்பெயரைத் தாங்கினர். இராசேந்திர சோழன் காலத்தில் திருவொற்றியூர்த் தூங்கானை மாட விமானம் கருங்கல்லால் எடுப்பிக்கப்பட்டபோதும் ஒரு சதுரானன பண்டிதர் முன்னின்றார். வீரசோழத் தச்சன் எனப்பெற்ற இரவி என்பவர் அதைக் கட்டினார். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இரண்டாம் இராசாதிராசனின் 9ஆம் ஆட்சியாண்டில், மன்னன் இக்கோயிலின் மகிழமரத்தடியில் ஆளுடைய நம்பியின் ஸ்ரீபுராணம் கேட்டிருந்தான் என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. அப்போதும் உடனிருந்தவர் ஒரு சதுரானன பண்டிதர். ஆள் மாறுகிறார், பெயரும் பொறுப்பும் தொடர்கின்றன. ஆட்டம் ஆடுபவர்களுக்கு இது புதிதன்று. ஒரு பாத்திரத்தின் பெயரை ஏற்றுக்கொண்டு அதன் கடனைத் தீர்ப்பதுதான் அவர்கள் செய்வது.

எல்லையைக் கடந்தால் இருள்

மன்னன் கேட்ட அந்தப் புராணத்தின் நாயகரான ஆளுடைய நம்பி என்னும் சுந்தரரின் கதைக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பு பலரும் அறிந்தது. சங்கிலியாரை மணப்பதற்காக, இவ்வூரை விட்டுப் பிரியேன் என்று சூளுரைக்கச் சுந்தரர் இசைகிறார். கோயிலுக்குள் வைத்துச் சூளுரைத்தால் மீற முடியாது. ஆகவே அவ்வேளையில் இறைவன் மகிழமரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று தனியே கேட்டுக்கொள்கிறார். இறைவனோ சங்கிலியாரிடம், மகிழின்கீழ் வைத்தே சூள் கேட்குமாறு அறிவித்துவிடுகிறார். வேறு வழியின்றிச் சுந்தரர் அங்கேயே உறுதி கூறுகிறார். பின்னொரு நாள் ஆரூரின் வசந்த விழா நினைவுக்கு வர, திருவொற்றியூர் எல்லையைக் கடக்கிறார். கடந்த கணமே இரு கண்களும் ஒளி இழக்கின்றன.

அதன்பின் அவர் நடந்த வழியும் கருதத்தக்கது. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைக்கிறது. காஞ்சியில் ஒரு கண். ஆரூரில் மற்றொரு கண். அந்தத் திருவெண்பாக்கம் இருந்த இடம் 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துள் மூழ்கியது. கோயில் வேறோர் இடத்தில் எழுப்பப்பட்டது. சென்னையின் குடிநீருக்காகத் தேக்கப்பட்ட அந்த ஆறு கொசஸ்தலை. அது கடலில் சேரும் இடம் எண்ணூர்.

பக்தி இலக்கியமாகப் படிக்கும் இக்கதையை ஆட்டத்தின் அமைப்பாகவும் படிக்கலாம் என்பதே நாம் சொல்ல வருவது. ஒரு சொல் கொடுக்கப்படுகிறது. ஓர் எல்லை வகுக்கப்படுகிறது. எல்லையைக் கடந்தால் திரை இருள்கிறது. இருளிலேயே நடந்து, இழந்ததைச் சிறிது சிறிதாக மீட்க வேண்டும். நன்னூல் பாயிரத்தில் கேட்ட எல்லையும் காரணமும் இங்கு ஒன்றாகவே பிறக்கின்றன.

எழுதுவதாயின்

இவற்றையெல்லாம் பேசியபின் மாணவர்களுடன் நாம் வகுத்துக்கொண்ட நெறிகள் சிலவற்றைச் சொல்கிறோம். முகப்புக் காட்சி எழுத நினைக்கும் பிறருக்கும் அவை பயன்படக்கூடும்.

முதலாவது, போரைக் காட்ட வேண்டாம். தக்கோலத்தில் வல்லபன் தன் தலைவனோடு இறக்கவில்லை என்பதே கதை. யானையையும் அம்பையும் திரையில் காட்டிவிட்டால், ஆடுபவர் அவன் அறியாத ஒன்றை அறிந்தவராகிவிடக்கூடும். செய்தி வந்து சேர்வதைக் காட்டினால் போதும். புழுதியோடு வரும் ஒருவர், அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம், பிறகு மௌனம்.

இரண்டாவது, ஆடுபவரின் கையை விரைவில் விடுவிக்க வேண்டும். கல்லைப் பார்ப்பவராக அவரை நிறுத்தி, விளக்கொன்றைக் கையில் கொடுத்து, எந்த எழுத்தின்மேல் ஒளி விழ வேண்டும் என்பதை அவரிடமே விட்டுவிடலாம். ஒளி விழுந்த சொல் ஒலிக்கும். முழுவதும் படித்தவருக்கு முழுக்கதை. நான்கு சொல் படித்தவருக்கு நான்கு சொல்லளவு கதை. அவசரக்காரரைத் தண்டிக்க வேண்டியதில்லை. அவர் திரும்பி வந்து படிக்கலாம், கல் எங்கும் போய்விடாது.

மூன்றாவது, பேச்சு. சோழர் காலம் என்றவுடன் எல்லோரையும் மேடைத் தமிழ் பேசவைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கல்லுக்கும் நமக்கும் இடையில் ஒரு கட்டியங்காரன் தேவை. திருவொற்றியூர்த் தேரடியில் பூக்கட்டும் அம்மாளாகவோ, காசிமேட்டில் வலை பிரிக்கும் பெரியவராகவோ அவர் இருக்கட்டும். "யாருப்பா நீ? எங்கேருந்து வர்ற? இன்னா வேணும்?" என்ற மூன்று கேள்விகளை அவர் கேட்டால், கூத்தின் திரை விலகியதாகவே பொருள்.

நான்காவது, காலத்தை ஒரே நூற்றாண்டில் பூட்டிவிட வேண்டாம். எல்லைக் கல்லைத் தாண்டி வடக்கே நடந்தால் வருவது இன்றைய எண்ணூர். 1970இல் மின்சாரம் தரத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகமெங்கும் படர்ந்தது; படகும் வலையும் அலையாத்தி மரங்களும் கரிய பூச்சுக் கொண்டன. எண்ணெய் படர்ந்த இரவைக் கண்ணால் கண்டவர்கள் சிலரே. விடிந்தபின் வந்து பார்த்தவர்களே மிகப்பலர். வலையைக் கழுவியவர்களும், கணக்கெடுத்தவர்களும், வழக்காடியவர்களும் அவர்களே.

வரலாற்றைக் களமாகக் கொண்ட எந்த ஆட்டத்திலும் ஆடுபவரின் நிலை வல்லபனின் நிலையே என்பது நம் துணிபு. அவர் வந்து சேரும்போது போர் முடிந்துவிட்டிருக்கிறது. தலைவன் இறந்துவிட்டான், ஆண்டுக் கணக்கு வேறொருவன் பெயரில் ஓடுகிறது. நடந்ததை மாற்றும் ஆற்றல் அவருக்கு இல்லை. உடனிருந்து இறக்கும் பேறும் இல்லை. எஞ்சியிருப்பது ஒரே கேள்வி: தப்பிப் பிழைத்த இந்த உயிரை வைத்து இனி என்ன செய்வது? கத்தியோடு தொடங்கும் முகப்பு இக்கேள்வியைக் கேட்பதில்லை. அடுத்த குத்து யாருக்கு என்பதோடு நின்றுவிடுகிறது. கல்லெழுத்தின் முகப்பு கேட்கிறது. விடையாக அது கண்டது பெரிய வீரச்செயல் ஒன்றுமன்று. ஓர் ஊரில் தங்கியிருத்தல், ஒரு பெயரை ஏற்றல், ஊர்ச்சபையை நம்பிப் பொன்னை ஒப்படைத்தல், வழிபாடு தடையின்றி நடக்கப் பார்த்துக்கொள்ளல்.

விம்கோ நகர் வரை 2021இல் மெட்ரோ இரயில் நீண்டபின், திருவொற்றியூருக்குச் செல்வது எளிதாகிவிட்டது. தேரடி நிலையத்தில் இறங்கி நடந்தால் கோயில் அருகிலேயே இருக்கிறது. மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நடைபெறும் நாளில் கூட்டம் மிகுதி. கல்வெட்டுகளை நிதானமாகப் பார்க்க விரும்புவோர் வேறொரு நாளில், முற்பகலில் செல்வது நன்று. ஆட்டம் எழுதும் இளைஞர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.